ஒடிந்த காலும் ஓடிய வேகமும்

‘அவனுக்குக் கால் ஒடிந்துவிட்டதாம்’ என்று யாராவது சொன்னால், நம்மவர்களிடமிருந்து வரும் அடுத்த கேள்வி ‘எங்கே கட்டுப் போட்டார்கள்?’ என்பதாகத்தான் இருக்கும். அரசாங்க மருத்துவமனையா, தனியார் மருத்துவமனையா, நாட்டு வைத்தியரா, சீனச் சின்சேயா என்று பேச்சு நீளும். ‘எப்படி ஒடிந்தது?’ என்று கேட்பவர் மிகக் குறைவு. எலும்பு முறிவு மருத்துவர் முதலில் அறிய விரும்புவதோ அதைத்தான். வழுக்கி விழுந்தாரா, கால் திருகிக்கொண்டதா, வண்டி மோதியதா, மோதிய வண்டி என்ன வேகத்தில் வந்தது என்பதையெல்லாம் அவர் கேட்பார். ஏனெனில் ‘கால் ஒடிதல்’ என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே வகையான காயம் அன்று. எலும்பின் மீது பாய்ந்த விசை எந்தத் திசையில் வந்தது, எவ்வளவு ஆற்றலைக் கொண்டுவந்தது என்பதைப் பொறுத்து, காயத்தின் தன்மையே மாறிவிடுகிறது.

தஞ்சோங் மாலிமில் பயிலும் நமக்கு இது வெறும் பாடநூல் செய்தி அன்று. பழைய வளாகத்துக்கும் புரோட்டோன் சிட்டியில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா வளாகத்துக்கும் இடையே மோட்டார் சைக்கிளில் போய்வருபவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாட்டில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உயிர் தப்பியவர்களில் பலர் உடைந்த காலோடு தப்பியவர்கள்.

எலும்பு என்னும் பொருள்

நீண்ட எலும்புகள் என்று உடற்கூற்றியலில் சொல்லப்படுபவை முக்கியமாகக் கை கால்களில் உள்ளவை. தொடை எலும்பு, கீழ்க்காலில் உள்ள இரண்டு எலும்புகள், மேற்கை எலும்பு, முன்கையில் உள்ள இரண்டு எலும்புகள் ஆகியவை அவை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தால், தோலுக்கு அடியிலேயே கையில் தட்டுப்படுவது டிபியா என்னும் எலும்பு. இந்தக் கட்டுரையில் அதன் பெயர் அடிக்கடி வரும்.

எலும்பு கல்லும் இல்லை, மரமும் இல்லை. இரண்டின் குணமும் அதற்கு உண்டு. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் சார்ந்த உப்புகள். மீதி கொலாஜன் என்னும் நார்ப்புரதமும் நீரும். சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வைத்துக் கட்டுவதைப் போன்ற ஏற்பாடு இது. உப்பு, அமுக்கத்தைத் தாங்குகிறது. நார், இழுப்பைத் தாங்குகிறது. ஆசிரியராகப் போகிறவர்கள் இதை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு கோழி எலும்பைச் சில நாள்கள் வினிகரில் ஊறவைத்தால் உப்பு கரைந்து, எலும்பு ரப்பர்போல் வளையும். இன்னொன்றை நெருப்பில் நன்றாகச் சுட்டால் நார் எரிந்துபோய், உருவம் மாறாமல் இருந்தாலும் விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும்.

(இடைநிலைப்பள்ளியில் ‘டாயா’, ‘தெகாசான்’ என்று மலாய்மொழியில் படித்தவற்றை விசை, தகைவு என்று தமிழில் எழுத எனக்குச் சற்று நேரம் பிடித்தது. தமிழ்ப்பள்ளியோடு நம்மில் பலருக்கு அறிவியல் தமிழ் நின்றுபோகிறது. ஆகவே சொற்கள் எங்கேனும் கரடுமுரடாக இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

எலும்பின் வலிமையை எண்ணில் சொன்னால் வியப்பாக இருக்கும். நீண்ட எலும்பின் கெட்டியான புறப்பகுதி, நீளவாக்கில் அமுக்கினால் ஏறக்குறைய 200 மெகாபாஸ்கல் தகைவு வரை தாங்கும். ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது நம் விரல் நகத்தளவு பரப்பு, இரண்டு டன் எடையைச் சுமப்பதற்குச் சமம் இது. ஆனால் அதே எலும்பை இழுத்தால் 130 மெகாபாஸ்கல் அளவிலேயே அறுந்துவிடும். ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் சறுக்கும்படி தள்ளினால் 70ஐக்கூட எட்டாது. விறகை நெடுக்கில் பிளப்பது எளிது, குறுக்கில் வெட்டுவது கடினம் அல்லவா? எலும்புக்கும் அப்படித் திசை உண்டு. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் எந்தத் திசையில் சுமை வருகிறதோ, அந்தத் திசையில் அது பலமாக அமைந்திருக்கிறது. விபத்து அந்தத் திசையில் வருவதில்லை. பக்கவாட்டிலிருந்து வருகிறது, திருகிக்கொண்டு வருகிறது.

நீண்ட எலும்பு உள்ளே குழலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நாணல், இறகு, எலும்பு போன்ற உள்ளீடற்ற தண்டுகள், அதே எடையுள்ள கெட்டித் தண்டுகளைவிட வலிமையானவை என்று 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலேயே கலிலியோ விளக்கியிருக்கிறார். வளையும் தண்டில் நடுப்பகுதி அதிகம் வேலை செய்வதில்லை. வெளிவிளிம்புதான் சுமையைத் தாங்குகிறது. ஆகவே நடுவில் இருக்கும் பொருளை எடுத்து விளிம்பில் சேர்த்தால் லாபம். வெளி ஆரம் 14 மில்லிமீட்டர், உள் ஆரம் 7 மில்லிமீட்டர் கொண்ட ஒரு குழலை எடுத்துக்கொள்வோம். அதே அளவு பொருளைக் கெட்டித் தண்டாக உருட்டினால் அதன் ஆரம் 12 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இரண்டையும் வளைத்து முறிக்கக் கணக்கிட்டால், குழல் ஏறக்குறைய 44 விழுக்காடு கூடுதலாகத் தாங்குகிறது. மூங்கிலை ஏணியாகவும் சாரமாகவும் பயன்படுத்திய நம் முன்னோருக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை, கைக்கே தெரிந்திருந்தது.

சுண்ணக்கட்டி சொல்லும் பாடம்

இப்போது ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் பிடித்து வளைத்து ஒடித்தால், முறிந்த முகம் ஏறக்குறைய நேராகக் குறுக்கே இருக்கும். இன்னொரு கட்டியை வளைக்காமல், ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கி ஒடியுங்கள். இம்முறை முறிவு திருகாணியின் புரிபோலச் சாய்ந்து சுற்றிவரும். முறுக்கும்போது, தண்டின் நீளத்துக்கு ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் இழுவிசை மிகுதியாக இருக்கும். சுண்ணக்கட்டியும் எலும்பும் அமுக்கத்தைவிட இழுப்புக்கு எளிதில் இடங்கொடுப்பவை. ஆகவே விரிசல் அந்தச் சாய்விலேயே ஓடுகிறது.

மருத்துவர்கள் எக்ஸ்ரே படத்தில் பார்ப்பதும் இதையேதான். குறுக்கு முறிவு என்றால் எலும்பு வளைக்கப்பட்டிருக்கிறது. சுருள் முறிவு என்றால் பாதம் ஓரிடத்தில் ஊன்றியிருக்க, உடல் திரும்பியிருக்கிறது. பந்தாட்டத் திடலில் காலணி புல்லில் மாட்டிக்கொள்ள, ஆட்டக்காரர் மட்டும் சுழன்று விழுவது இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

இவ்விரண்டையும்விடச் சுவையான ஒரு வடிவம் இருக்கிறது. கார் ஒன்று ஒருவரின் காலைப் பக்கவாட்டில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதிய பக்கம் குழிந்து அமுங்குகிறது. எதிர்ப்பக்கம் புடைத்து இழுபடுகிறது. எலும்பு இழுப்புக்கு எளிதில் அறுவதால், விரிசல் மோதிய இடத்தில் அல்லாமல் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்குகிறது. அது உள்ளே ஓடிவந்து, அமுக்கப்பட்ட பகுதியை நெருங்கும்போது இரண்டாகக் கிளைக்கிறது. இடையில் ஆப்பு வடிவில் ஓர் எலும்புத் துண்டு தனியே பிரிகிறது. ஆங்கில மருத்துவ நூல்கள் இதை வண்ணத்துப்பூச்சித் துண்டு என்கின்றன. ஆப்பின் அகன்ற பக்கம் பொதுவாக மோதிய பக்கம் இருக்கும். 1880ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஓட்டோ மெசரர் எலும்புகளை முறித்துச் சோதித்து இதனைப் பதிவு செய்தார். அதன் பிறகு, வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைக் கண்டறியத் தடயவியலாளர்களும் இந்த ஆப்பைப் பார்க்கத் தொடங்கினர். எனினும் பிற்காலச் சோதனைகளில் ஆப்பு எப்போதும் இந்த விதிப்படியே அமைவதில்லை என்று தெரியவந்துள்ளது. ஆகவே இதைத் துணைச்சான்றாகக் கொள்ளலாமே தவிர, தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

வளைத்து முறிக்க எவ்வளவு வேண்டும்? வளர்ந்த ஆணின் டிபியாவுக்கு ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்பம் போதும் என்று சோதனைகள் காட்டுகின்றன. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பின் நுனியில் முப்பது கிலோ அரிசியைத் தொங்கவிடுவது போன்ற அளவுதான் அது. விரைந்து வரும் காருக்கு அது ஒரு பொருட்டே அன்று.

பிள்ளைகளின் எலும்பு வேறு மாதிரி. உப்பின் அளவு குறைவு. மேலே போர்த்தியிருக்கும் உறை தடிப்பானது. எனவே பச்சைக்குச்சியை ஒடித்தால் ஒருபக்கம் நார்விட்டு, மறுபக்கம் வளைந்து தொங்குவதுபோல அது பாதி முறிந்து பாதி நிற்கும். இதற்குப் பச்சைக்குச்சி முறிவு என்றே பெயர். கை நேராகத்தான் இருக்கிறது, வீக்கமும் பெரிதாக இல்லை என்பதற்காக முறிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திடலில் விழுந்த மாணவன் ஒரு கையை மட்டும் பயன்படுத்தாமல் உடலோடு அணைத்து வைத்திருந்தால், அவனுக்கு எக்ஸ்ரே தேவை.

தோட்டத்து முறிவும் சாலை முறிவும்

இதுவரை திசையைப் பார்த்தோம். இனி ஆற்றல். என் கருத்தில் இதுவே முக்கியமானது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் நின்ற இடத்திலிருந்து தடுக்கி விழுகிறார். அவர் உடலின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 0.9 மீட்டர் கீழே இறங்குகிறது. வெளிப்படும் ஆற்றல் 530 ஜூல். அதே மனிதர் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அவர் உடலில் மட்டும் 2,000 ஜூலுக்குச் சற்று அதிகமான இயக்க ஆற்றல் இருக்கிறது. 60 கிலோமீட்டர் என்றால் 8,300. 90 என்றால் 18,750. வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு ஆகிறது. இயக்க ஆற்றலின் வாய்பாட்டில் வேகம் வர்க்கமாக வருகிறது என்று படிவம் நான்கில் நாம் மனனம் செய்தோமே, அந்தச் சிறிய 2 எண்ணின் வேலை இது.

இந்த ஆற்றல் எலும்புக்குள் போனால் என்ன நடக்கிறது? எலும்பு உடைவதற்கு முன் ரப்பர்ப் பட்டைபோல் சிறிதளவு நீண்டு வளைந்து, ஆற்றலைத் தன்னுள் சேர்த்துவைக்கிறது. சுமை மெல்ல ஏறினால், குறைந்த ஆற்றலிலேயே ஒரு விரிசல் தோன்றி, அதன் வழியாகவே எல்லாம் தணிந்துவிடும். எலும்பு இரண்டு துண்டாகும், சுற்றியுள்ள தசை பெரும்பாலும் தப்பிக்கும். சுமை கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறினால், எலும்பு விறைப்பாகி முன்பைவிட அதிகமாகத் தாங்கிப் பார்க்கும். அப்படித் தாங்கிச் சேர்த்த ஆற்றல் முழுவதும் முறியும் கணத்தில் வெளிப்படும்போது ஒரு விரிசல் போதாது. பல விரிசல்கள் கிளைத்து எலும்பு சிதறுகிறது. துண்டுகள் தசையையும் இரத்தக்குழாயையும் நரம்பையும் கிழிக்கின்றன. டிபியாவின் உட்பக்கத்தில் தசையே இல்லை, தோல் மட்டும்தான். ஆகவே அது உடையும்போது முனை வெளியே வந்துவிடுவதும், சாலையின் மண்ணும் சேறும் உள்ளே போவதும் எளிதில் நடக்கின்றன. கப்சாய் மோட்டாரில் காலுக்கு முன்னால் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தகடு மட்டுமே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ரப்பர்த் தோட்டக் காலத்தை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை இருட்டில், மழையில் நனைந்த சரிவில், பால் வாளியோடு இறங்கும்போது கால் வழுக்கும். பாதம் வேரில் மாட்டிக்கொள்ளும். உடல் திரும்பி விழும். சுருள் முறிவு, குறைந்த ஆற்றல், தோல் கிழியாத காயம். தோட்டத்து டிரஸ்ஸரோ ஊரில் கைராசி உள்ள வைத்தியரோ மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால், சில மாதங்களில் கூடிவிடும். கட்டியவருக்குப் புகழ் போகும். ஆனால் எலும்பைக் கூட்டியது உண்மையில் எலும்பேதான். அது அசையாமல் இருக்க யாரோ ஒருவர் பிடித்துவைத்தால் போதுமாக இருந்தது. அந்த வைத்தியர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களிடம் வந்த முறிவுகளுக்கு அவர்களின் கட்டு பொருந்தியது.

அடுத்து செம்பனை வந்தது. 10 மீட்டர் உயர மரத்திலிருந்து 20 கிலோ குலை ஒன்று விழுந்தால் அதன் ஆற்றல் 1,960 ஜூல். மேலே கணக்கிட்ட 30 கிலோமீட்டர் வேக மோட்டார் சைக்கிளோட்டியின் ஆற்றலுக்கு ஏறக்குறைய சமம்! அதன்பின் நெடுஞ்சாலையும் மோட்டார் சைக்கிளும் வந்தன. முறிவின் தன்மை அடியோடு மாறிவிட்டது. நம் வீடுகளில் பழைய நம்பிக்கை மட்டும் மாறாமல் நிற்கிறது. ‘அறுவைச் சிகிச்சை வேண்டாம், கம்பி வைத்துவிடுவார்கள்’ என்று அஞ்சி, மருத்துவமனையிலிருந்து கையெழுத்துப் போட்டு வெளியேறிக் கட்டுப் போடப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், கீழ்க்காலின் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, நீளாத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. அதிக ஆற்றலால் உடைந்த காலில் இரத்தமும் வீக்கமும் அந்த அறைகளுக்குள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் தசைக்கு இரத்தம் போகாது. ஆறு மணிநேர அளவில் தசை மீளமுடியாமல் சாகத் தொடங்கும். இந்த நிலையில் வெளியிலிருந்து இறுக்கமாக ஒரு கட்டையும் சுற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருத்துவமனை மாவுக்கட்டும் இறுக்கமாக இருந்தால் இதே விளைவைத் தரும். வேறுபாடு, அங்கே அதைக் கவனித்து வெட்டித் திறக்க ஆள் இருப்பார்கள். காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, கால் விரல்களை மெல்ல நீட்டினாலே உயிர்போகும் வலி, மரத்துப்போதல் ஆகியவை எச்சரிக்கைகள். ‘கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்’ என்று அன்போடு சொல்லப்படும் வார்த்தை சில வேளைகளில் ஒரு காலையே பறித்துவிடும்.

தொடை எலும்பு

தொடை எலும்பு உடலிலேயே மிக நீளமானது, மிக வலிமையானது. அது உடைந்தால் பெரும் ஆற்றல் பாய்ந்திருக்கிறது என்று பொருள். வெளியில் ஒரு சொட்டு இரத்தம் தெரியாமலேயே தொடைக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் தேங்கக்கூடும். வாகனத்தில் அமர்ந்திருப்பவருக்கு இது பெரும்பாலும் நீளவாக்கில் வருகிறது. வண்டி நின்றுவிட, உடல் அதே வேகத்தில் முன்னே போய், முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கிறது. கார் மோதல் சோதனைகளில் பொம்மையின் தொடையில் பதிவாகும் விசை 10,000 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதி வரையறுப்பது இதனால்தான்.

2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் அதிகாலை, திரெங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து நம் பல்கலைக்கழகத்துக்கு வந்துகொண்டிருந்த பேருந்து, கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. நம் மாணவர்கள் 15 பேரை இழந்தோம். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. வார் செய்வது ஒன்றே ஒன்றுதான். உடல் தன் வேகத்தை இழக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் தூரத்தையும் கூட்டி, விசையை இடுப்பெலும்பு போன்ற வலிய பகுதிகளுக்குப் பகிர்ந்துகொடுக்கிறது. ஆற்றல் அதேதான், எலும்பில் ஏறும் விசை குறைகிறது.

உடைந்த தொடையை அசையாமல் பிடிப்பதன் மதிப்பை முதல் உலகப்போர் காட்டியது. முறிந்தவுடன் தொடைத் தசைகள் சுருங்கி முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுக்கும். தூக்கிச் செல்லும்போது ஒவ்வோர் அசைவும் உள்ளே மேலும் கிழிக்கும். ஹியூ ஓவன் தாமஸ் என்பவர் முன்பே உருவாக்கியிருந்த நீட்டிப் பிடிக்கும் சட்டத்தைப் போர்க்களத்திலேயே மாட்டத் தொடங்கிய பின், தொடை முறிவினால் ஏற்பட்ட இறப்பு 80 விழுக்காட்டு அளவிலிருந்து 16 விழுக்காட்டு அளவுக்கு இறங்கியதாக அக்கால மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

ஆகவே நம் கண்முன் விபத்து நடந்தால், 999க்கு அழைத்தபின் செய்ய வேண்டியவை சிலவே. தீயோ, வந்துகொண்டிருக்கும் வண்டிகளோ அச்சுறுத்தினால் ஒழிய ஆளை நகர்த்தக் கூடாது. காலை நேராக்க முயலக் கூடாது. வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாமல் சுத்தமான துணியால் மூட வேண்டும். கால் இருக்கிற நிலையிலேயே, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி, பலகையோ சுருட்டிய நாளிதழோ வைத்துத் தளர்வாகக் கட்டலாம். எண்ணெய் தேய்ப்பது, நீவுவது, உருவுவது எதுவும் வேண்டாம். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் குடிக்க மைலோ கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தோல் கிழிந்திருந்தால் நோய்க்கிருமிக் கொல்லி மருந்தை எவ்வளவு விரைவில் ஏற்றுகிறார்களோ அவ்வளவு நல்லது. ஸ்லிம் ரிவர் மருத்துவமனைக்குப் போகும் வழியில் வேறெங்கும் நிற்க நேரமில்லை.

‘கம்பி’ என்று நம்மவர்கள் அஞ்சும் அந்த உலோகத் தண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1939ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் கூன்ட்ஷர் தொடை எலும்பின் குழலுக்குள்ளேயே ஓர் உலோகத் தண்டைச் செலுத்தினார். குழலுக்குள் இன்னொரு குழல்! எலும்பின் நடுவில் நிற்பதால் அது எந்தப் பக்கம் வளைந்தாலும் தாங்குகிறது. முறிவைச் சுற்றியுள்ள தசையை அதிகம் திறக்க வேண்டியதில்லை. பல நோயாளிகள் சில நாள்களிலேயே எழுந்து நிற்க முடிகிறது. அப்படி நிற்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எலும்பு தன்மீது வரும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்பதை ஜூலியஸ் வோல்ப் 1892ஆம் ஆண்டில் நூலாகவே எழுதினார். சுமையே இல்லாமல் படுத்திருக்கும் காலில் எலும்பு மெலிகிறது, தசை சுருங்குகிறது. மருத்துவர் காலை ஊன்றச் சொன்ன பிறகும் ‘பாவம், அசையாதே’ என்று கட்டிலுக்கே சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் அம்மாக்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள், வீட்டில் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருப்பவர்கள்தான்.